மேல் கமா வேண்டுமா, வேண்டாமா? ஆங்கிலத்தில் “யாருடையது”, “எந்த வகை”

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பெண் ஒருவர், மாலையில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வருகிறார். ஒரு நாள் நோட்டைத் திறப்பதற்கு முன்பே போனை நீட்டினார். கடைக்குப் புது போர்டு எழுதுகிறவர் அனுப்பிய மாதிரிப் படம் அது. “லேடீஸ் டெய்லர்” என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார். ஒன்றில் கமாவே இல்லை. ஒன்றில் எஸ் எழுத்துக்கு முன்னால் மேலே ஒரு கமா. இன்னொன்றில் எஸ்ஸுக்குப் பின்னால்.

“எது வேணும்னு சொல்லும்மா, பெயின்ட் கலந்து வெச்சிட்டேன்னு அவசரப்படுத்துறார் டீச்சர். மூணையும் ஒரே மாதிரிதானே படிக்கிறோம்?”

ஒரே மாதிரிதான் படிக்கிறோம். காதுக்கு மூன்றும் ஒன்று. குழப்பம் எழுதும்போதுதான் தலைகாட்டுகிறது. போர்டுக்குப் பதில் சொல்வதற்கு முன், அவர் பையில் இருந்த இன்னொரு தாளை எடுக்கச் சொன்னேன். தையல் மெஷினுக்காக வங்கியில் வாங்கி வந்த கடன் விண்ணப்பம். அதன் முதல் பக்கத்திலேயே முழுப் பாடமும் இருக்கிறது.

(இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே ’ என்ற குறி வரும் இடமெல்லாம், ஆங்கிலத்தில் எழுதும்போது மேல் கமா வரும் இடம். அதன் பெயர் அபாஸ்ட்ரஃபி.)

விண்ணப்பத்தில் முதலில் “அப்ளிகன்ட்’ஸ் நேம்”. அடுத்து “ஃபாதர்’ஸ் நேம்”. கீழே “ஹவுஸ் நம்பர்”, “ஸ்ட்ரீட் நேம்”, “பின் கோட்”. அதற்கும் கீழே “அக்கவுன்ட் நம்பர்”, “பிரான்ச் நேம்”. கடைசியில் “அப்ளிகன்ட்’ஸ் சிக்னேச்சர்”. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “அப்பாவுக்குக் கமா வைக்கிறாங்க. பிரான்ச்சுக்கு ஏன் வைக்கலை? ரெண்டும் பேருதானே?”

கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. அப்பா ஓர் ஆள். பெயர் அவருடையது. “யாருடைய பெயர்?” என்று கேட்டால் “அப்பாவுடைய பெயர்” என்று பதில் வரும். “அக்கவுன்ட் நம்பர்” என்பதில் அந்தக் கேள்வி எழுவதில்லை. நம்பருக்கு அக்கவுன்ட் சொந்தக்காரர் இல்லை. அது போன் நம்பர் இல்லை, வீட்டு நம்பர் இல்லை, அக்கவுன்ட் நம்பர். எந்த வகை நம்பர் என்று சொல்வதற்காக முன்னால் ஒரு சொல் நிற்கிறது. இவ்வளவுதான் அடிப்படை. “யாருடையது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பெயருக்கு ’ஸ் வரும். “எந்த வகை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பெயர் ஒட்டு எதுவும் இல்லாமல் அப்படியே நிற்கும். முதலாவது உடைமை வடிவம். இரண்டாவது கூட்டுச்சொல்.

இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் மறுநாளே “ரவி ஹவுஸ்” என்று ஒரு பக்கமும் “டேபிள்’ஸ் லெக்” என்று மறுபக்கமும் எழுதிக்கொண்டு வருவார்கள். தேவையான இடத்தில் ’ஸ் விழுந்துவிடுகிறது, தேவையில்லாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதுதான்.

மாட்டை வைத்துப் பார்ப்போம்

தமிழில் “மாடு” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொம்பு, மாட்டுத் தீவனம், மாட்டுக் கொட்டகை, மாட்டு வண்டி, மாட்டுச் சந்தை. எல்லாவற்றிலும் “மாட்டு” என்றே சொல்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் உறவு ஒவ்வொன்றிலும் வேறு. கொம்பு மாட்டினுடையது. தீவனம் மாட்டுக்குப் போடுவது. கொட்டகை மாட்டைக் கட்டுவதற்கு. வண்டி மாட்டால் இழுக்கப்படுவது. சந்தையில் மாட்டை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஐந்து உறவுகளையும் ஒரே வடிவத்துக்குள் மடித்து வைத்துவிட்டோம். கேட்பவர் தானாக விரித்துக்கொள்கிறார்.

பள்ளியில் இதைத்தான் வேற்றுமைத்தொகை என்று படித்தோம். உருபு மறைந்து நிற்பது தொகை. “மாட்டுக் கொம்பு” என்பதில் ஆறாம் வேற்றுமை உருபு மட்டும் மறைந்திருக்கிறது. “மாட்டுத் தீவனம்” என்பதில் “மாட்டுக்குப் போடும் தீவனம்” என்று உருபோடு சேர்த்து அதன் பயனும் மறைந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு “உருபும் பயனும் உடன்தொக்க தொகை” என்று நீளமான பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கு இவ்வளவு உதவும் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது ஆங்கிலத்தில் பாருங்கள். அந்த மாட்டின் கொம்பு “த கௌ’ஸ் ஹார்ன்”. தீவனம் “கேட்டில் ஃபீட்”. கொட்டகை “கௌஷெட்”. வண்டி “புல்லக் கார்ட்”. சந்தை “கேட்டில் மார்க்கெட்”. ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் ’ஸ் வந்திருக்கிறது. உருபோடு பயனும் மறைந்திருக்கும் மற்ற எல்லாம் கூட்டுச்சொல் ஆகிவிட்டன. ஆகவே சந்தேகம் வரும்போது தமிழில் விரித்துப் பார்ப்பது நல்ல வழி. விரிக்கும்போது “உடைய” மட்டும் போதுமென்றால் ’ஸ். “உடைய” போதாமல் “போடும்”, “கட்டும்”, “விற்கும்”, “செய்த” என்று ஒரு வினை கேட்டால் கூட்டுச்சொல். ஷர்ட் பட்டன் சட்டைக்குத் தைக்கும் பட்டன். சோயிங் மெஷின் தைக்கும் மெஷின். கோல்ட் செயின் தங்கத்தில் செய்த செயின். எங்கேயும் ’ஸ் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுடைய செயின் என்றால், அப்போது “நெய்பர்’ஸ் செயின்”.

தமிழில் ஆளுக்கும் தொகைதான். “ரவி வீடு”, “அக்கா புடவை”, “டீச்சர் பேனா” என்று உருபே இல்லாமல் பேசுகிறோம். “ரவியுடைய வீடு” என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் “ரவி ஹவுஸ்” என்று வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலம் காதில் விழுகிறவருக்கு “ரவி ஹவுஸ்” என்பது, ரவி என்று பெயர் வைத்த ஒரு கட்டடம். “காந்தி மியூசியம்” என்கிறோமே, அது மாதிரி. காந்தி அந்த மியூசியத்தின் சொந்தக்காரர் இல்லை, அவர் பெயர் தாங்கிய மியூசியம். “அண்ணா யுனிவர்சிட்டி” என்பதும் அப்படித்தான். ’ஸ் விடுபட்டால் நண்பருடைய வீடு நினைவகம் போல ஆகிவிடும்.

இந்த ’ஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது இன்னும் நெருக்கமாகத் தெரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் நம்மைப் போலப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. பல பெயர்களுக்கு உடைமை உருபு “எஸ்” என்று முடியும் ஓர் அசை. காலப்போக்கில் மற்ற உருபுகள் உதிர்ந்துபோய், பெயர்ச்சொல்லில் மிஞ்சிய ஒரே வேற்றுமை உருபு இந்த ’ஸ். மறைந்துபோன உயிரெழுத்தின் இடத்தைக் காட்டத்தான் அந்த மேல் கமா வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பரவியது, பன்மைக்கான இடம் முடிவாக அதற்கு அப்புறமும் நாளாயிற்று. பழைய உருபு ஒன்று கமா வைக்க ஆள் வருவதற்கு முன்பே சொல்லுக்குள் உறைந்துபோனதை வாரம் மூன்று முறை உச்சரிக்கிறோம். டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே. நடுவில் இருக்கும் அந்த “ஸ்” பழைய உடைமை உருபு. டீவ், வோடன், தோர் என்ற தெய்வங்களுடைய நாட்கள். உடைமையாகப் பிறந்து, ஒட்டி ஒட்டி ஒரே கூட்டுச்சொல்லாகிவிட்டன.

“த” யாரைச் சேர்ந்தது?

“யாருடையது, எந்த வகை” என்ற கேள்வி பத்துக்கு ஏழு இடத்தில் கைகொடுக்கும். மீதி இடங்களுக்கு இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் மேலானது. இலக்கணப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இருக்கும் விஷயம், ஆனால் பிடிபட்டால் விடாது.

முன்னால் வரும் “த”, “எ”, “மை” போன்ற சொல் எந்தப் பெயரைச் சேர்ந்தது என்று பாருங்கள். “மை டாட்டர்’ஸ் ஸ்கூல் பேக்” என்று எழுதுகிறோம். இதில் “மை” எதைச் சேர்ந்தது? பையை இல்லை, மகளை. என் மகள்; அவளுடைய பை. ’ஸ் என்பது ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் “மை டாட்டர்” என்று ஒரு முழு ஆள். அந்தப் பக்கம் “ஸ்கூல் பேக்” என்று ஒரு பொருள். அந்த “ஸ்கூல் பேக்” கூட்டுச்சொல். அதற்குள் சுவர் இல்லை. “மை ஸ்கூல் பேக்” என்றால் “மை” ஸ்கூலைத் தாண்டிப் போய்ப் பையைத் தொடுகிறது. என் பை, பள்ளிக்குக் கொண்டுபோகும் வகை.

“மை டாக்’ஸ் ஃபுட்” என்றால் என் நாய் சாப்பிடுவது. அது நேற்று வைத்த சாம்பார் சாதமாகவும் இருக்கலாம். “டாக் ஃபுட்” என்றால் கடையில் பாக்கெட்டில் விற்கும் நாய்த் தீனி, எந்த நாயும் தின்னாமல் அலமாரியில் இருந்தாலும் அது டாக் ஃபுட்தான். “த பேபி’ஸ் கிளோத்ஸ்” கொடியில் காயும் அந்தக் குழந்தையின் துணிகள். “பேபி கிளோத்ஸ்” துணிக்கடையில் ஒரு பிரிவு.

தமிழில் “த”, “எ” போன்ற சொற்கள் கிடையாது. அதனால் இந்தச் சுவர் நம் கண்ணில் படுவதில்லை. “த ரவி’ஸ் புக்” என்று எழுதும் தவறும் இதனால்தான் வருகிறது. புத்தகத்துக்கு “த” வேண்டும் என்று நினைத்து முன்னால் வைத்துவிடுகிறோம். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பதால் அது ரவியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஆளின் பெயருக்கு “த” வராது. “ரவி’ஸ் புக்” போதும்.

அறிவியல் பாடப் புத்தகத்தைப் புரட்டினால் இதே சுவரைத் துல்லியமாகப் பார்க்கலாம். “ஓம்’ஸ் லா”, “பாயில்’ஸ் லா”, “நியூட்டன்’ஸ் லாஸ்” என்று விதிகளுக்கெல்லாம் ’ஸ் வருகிறது. முன்னால் “த” கிடையாது. ஏனென்றால் சுவருக்கு இந்தப் பக்கம் ஓம், பாயில், நியூட்டன் என்று ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் 1928இல் சர் சி. வி. ராமன் கண்டறிந்தது “த ராமன் எஃபெக்ட்”. சுப்ரமணியன் சந்திரசேகரின் கணக்கு, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் தாங்காது என்று சொல்வது, “த சந்திரசேகர் லிமிட்”. டாப்ளர் பெயரில் “த டாப்ளர் எஃபெக்ட்”. இங்கே ’ஸ் இல்லை, “த” இருக்கிறது. அந்த “த” ராமனைத் தாண்டிப் போய் எஃபெக்டைத் தொடுகிறது. எந்த எஃபெக்ட்? ராமன் எஃபெக்ட். பெயர் ஒரு வகைச் சொல்லாகிவிட்டது. “ராமன்’ஸ் எஃபெக்ட்” என்று எழுதுவது பெரிய குற்றமில்லை, ஆனால் வழக்கத்தில் இல்லை. “த ஓம்’ஸ் லா” என்று எழுதினால் தவறு.

வகையைச் சொல்லும் ’ஸ்

இங்கே ஒரு முரண்டு பிடிக்கும் பகுதி வருகிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ’ஸ் இருந்தும் அது “எந்த வகை?” என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. “சில்ட்ரன்’ஸ் புக்” என்றால் சில குழந்தைகளுக்குச் சொந்தமான புத்தகம் இல்லை, குழந்தைகளுக்காக எழுதப்பட்ட வகை. “உமன்’ஸ் காலேஜ்” (பன்மை, பெண்கள் கல்லூரி) பெண்கள் படிக்கும் கல்லூரி. “மென்’ஸ் ஷூஸ்” ஆண்கள் போடும் செருப்பு வகை.

சுவர்ச் சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். “எ சில்ட்ரன்’ஸ் புக்” என்று சொல்கிறோம். “எ” என்பது ஒருமை, “சில்ட்ரன்” பன்மை. அந்த “எ” சில்ட்ரனைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. சுவரைத் தாண்டி “புக்” என்பதைத் தொடுகிறது. அதாவது இங்கே சுவர் இல்லை. ’ஸ் போட்ட வேஷத்தில் நிற்கும் கூட்டுச்சொல் இது. ஆட்களின் கூட்டத்துக்காக, ஆட்களின் பயன்பாட்டுக்காக உள்ள பொருள் என்றால் ஆங்கிலம் பெரும்பாலும் இந்த வேஷத்தைப் போட்டுவிடும்.

அதிலேயே சில சொற்கள் வேஷத்தைக் கழற்றிக்கொண்டும் வருகின்றன. துணிக்கடைகளில் “மென்ஸ்வேர்”, “லேடீஸ்வேர்”, “கிட்ஸ்வேர்” என்று கமா இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். ஒரே சொல்லாக எழுதும்வரை சரி. பிரித்து எழுதினால் “மென்’ஸ் வேர்” என்று கமா திரும்ப வர வேண்டும்.

விலங்குகளிடம் இன்னொரு வழக்கம். விலங்கு உயிரோடு இருக்கும்போதே தரும் பொருளுக்கு ’ஸ்: “கௌ’ஸ் மில்க்”, “கோட்’ஸ் சீஸ்”, “ஷீப்’ஸ் வூல்”, “பேர்ட்’ஸ் நெஸ்ட்”. கொன்ற பிறகு கிடைப்பதற்கு ’ஸ் இல்லை: “சிக்கன் சூப்”, “மட்டன் கறி”, “லாம்ப் சாப்ஸ்”, “காஃப்ஸ்கின்”. பால் கொடுத்த மாடு இன்னும் நிற்கிறது, பால் அதனுடையது. சூப்பில் இருக்கும் கோழிக்கு எதுவும் சொந்தமில்லை, அது பொருளாகிவிட்டது. எனக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன நடுக்கம் வருகிறது. ஆனால் இது முழு விதி இல்லை. “கௌ டங்”, மாட்டுச் சாணம், உயிருள்ள மாடு தருவதுதான், அதற்கு ’ஸ் கிடையாது. பேச்சு வழக்கில் “கௌ மில்க்” என்பதும் நிறையக் கேட்கிறது. தொண்ணூறு சதம் உதவும் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக வேண்டாம்.

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் இரண்டு வழியும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுபவருடைய உரிமம், “டிரைவர்’ஸ் லைசென்ஸ்”. பிரிட்டனிலும் நம் ஊரிலும் ஓட்டுவதற்கான உரிமம், “டிரைவிங் லைசென்ஸ்”. முன்னது ஆளைப் பார்க்கிறது, பின்னது வேலையைப் பார்க்கிறது. இரண்டும் சரி.

உயிரில்லாத பொருளுக்கு

“டேபிள்’ஸ் லெக்”, “ரூம்’ஸ் கீ”, “கார்’ஸ் டோர்”. என் வகுப்பில் மிக அதிகமாகச் சிவப்பு மை வாங்கும் வடிவங்கள் இவை. மேசையின் கால், அறையின் சாவி என்று தமிழில் எழுதலாம் என்பதால் வருகிறது. மேசை எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. பொருளின் பாகம் என்றால் ஆங்கிலம் முதலில் கூட்டுச்சொல்லைத்தான் தேடும்: “டேபிள் லெக்”, “ரூம் கீ”, “கார் டோர்”, “கிச்சன் விண்டோ”. நிலைத்த கூட்டுச்சொல் இல்லாத இடத்தில் “ஆஃப்” வரும்: “த எண்ட் ஆஃப் த ரோட்”, “த பேக் ஆஃப் த ஹவுஸ்”, “த நேம் ஆஃப் த பிரான்ச்”. எது நிலைத்தது என்பது படிக்கப் படிக்கத்தான் காதில் ஏறும்.

“ஆஃப்” போட்டால் பொருளே மாறும் ஒரு கூட்டம் உண்டு. பாத்திரங்கள். “டீ கப்” வெறும் கோப்பை, கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பது. “எ கப் ஆஃப் டீ” என்றால் குடிக்கலாம். விருந்தாளியிடம் “வுட் யூ லைக் எ டீ கப்?” என்று கேட்டால் கையில் காலிக் கோப்பையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். “மேட்ச்பாக்ஸ்” தீப்பெட்டி, காலியாகவும் இருக்கலாம். “எ பாக்ஸ் ஆஃப் மேட்சஸ்” குச்சிகளோடு.

உயிரில்லாமலேயே ’ஸ் வாங்கும் சொற்களும் இருக்கின்றன. நாடு, ஊர், அமைப்பு போன்றவை மனிதக் கூட்டம் என்பதால் வாங்கும்: “இந்தியா’ஸ் பாப்புலேஷன்”, “த கம்பெனி’ஸ் பிராஃபிட்”. அதேபோல் நேரமும் வாங்கும்: “டுடே’ஸ் பேப்பர்”, “எ டே’ஸ் ஒர்க்”. லீவ் லெட்டரில் இது அடிக்கடி தேவைப்படும். ஒரு நாள் என்றால் “ஒன் டே’ஸ் லீவ்”. இரண்டு நாள் என்றால் “டூ டேஸ்’ லீவ்”, கமா எஸ்ஸுக்குப் பின்னால். நேரத்திலும் சுவர் உண்டு. “லாஸ்ட் சண்டே’ஸ் மேட்ச்” போன ஞாயிறு நடந்த அந்த ஆட்டம். “எ சண்டே பேப்பர்” ஞாயிறுதோறும் வரும் வகைப் பத்திரிகை.

கூட்டுச்சொல்லுக்குள்ளே

கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்தான் தலை, தமிழைப் போலவே. வண்டி மாடு ஒரு மாடு, மாட்டு வண்டி ஒரு வண்டி. அதுபோல “ரேஸ் ஹார்ஸ்” ஒரு குதிரை, “ஹார்ஸ் ரேஸ்” ஒரு பந்தயம். இந்த இடத்தில் நமக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

தவறுவது பன்மையில். முன் சொல் வகையை மட்டும் சொல்வதால், எத்தனை இருந்தாலும் பெரும்பாலும் ஒருமையில் நிற்கும். செருப்புக் கடையில் ஆயிரம் ஜோடி இருந்தாலும் “ஷூ ஷாப்”. பல் முப்பத்திரண்டையும் துலக்கினாலும் “டூத்பிரஷ்”. பத்து ரூபாய் நோட்டு “டென்-ருப்பீ நோட்”, அங்கே “ருப்பீஸ்” வராது. தமிழிலும் செருப்புக் கடைதான், செருப்புகள் கடை இல்லையே. விலக்குகள் உண்டு: “கிளோத்ஸ் ஷாப்”, “ஸ்போர்ட்ஸ் டே”, “சேவிங்ஸ் பேங்க்”, “கூட்ஸ் டிரெயின்”, “கஸ்டம்ஸ் ஆஃபீசர்”. இவற்றில் பலவற்றை ஒருமை ஆக்கினால் பொருளே மாறிவிடும். “கூட்” என்றால் நல்லது, “கஸ்டம்” என்றால் வழக்கம். அந்த எஸ் பன்மைக்காக நிற்பதல்ல, சொல்லின் உடம்பிலேயே இருப்பது. அதனால் அங்கே மேல் கமாவுக்கு வேலையில்லை.

பேசும்போது அழுத்தம் கூட்டுச்சொல்லின் முதல் பாகத்தில் பெரும்பாலும் விழும். “இங்கிலீஷ் டீச்சர்” என்பதில் இங்கிலீஷை அழுத்தினால் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர். டீச்சரை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஓர் ஆசிரியர், அவர் கணக்குகூட நடத்தலாம். நான் முதல் வகை.

ஒரே சொல்லாக எழுதுவதா, பிரிப்பதா, நடுவில் சிறு கோடு போடுவதா என்று கேட்டால் அகராதியைத்தான் பார்க்க வேண்டும். நானும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

போர்டுகளும் பெயர்களும்

விதி தெரிந்தபின் தெருவில் நடந்தால் பெயர்ப் பலகைகள் குழப்பும். பெயர் என்பது அதை வைத்தவர் முடிவு. லண்டன் பாதாள ரயிலில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” என்று ஒரு நிலையம், அதற்குச் சற்றுத் தள்ளி “பேரன்ஸ் கோர்ட்”. முன்னதற்குக் கமா உண்டு, பின்னதற்கு இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் புத்தகக்கடை நிறுவனம் 2012இல் தன் பெயரிலிருந்து கமாவை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஊர்ப் பெயர்களைத் தீர்மானிக்கும் அரசு வாரியம் 1890இல் தொடங்கிய நாள் முதல் உடைமைக் கமாவை ஊக்குவிப்பதில்லை. “மார்த்தா’ஸ் வைன்யார்ட்” தீவைப் போல விரல்விட்டு எண்ணத்தக்க சில பெயர்களுக்கு மட்டும் அது விட்டுக்கொடுத்திருக்கிறது.

சென்னையில் 1914இல் தொடங்கிய கல்லூரி “குயின் மேரி’ஸ்”. அடுத்த ஆண்டு தொடங்கியது “உமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜ்”. ஒரு ’ஸ் ராணியின் பெயரில், மற்றொன்று படிக்கும் பெண்களைச் சொல்லும் வகையில். இரண்டையும் அருகருகே வைத்தால் மேலே சொன்ன இரண்டு ’ஸ்களும் தெரியும். கடற்கரைக்குப் போனால் “எலியட்’ஸ் பீச்” உடைமை, “மெரினா பீச்” கூட்டுச்சொல்.

கமா எங்கே விழுகிறது என்பதற்காக ஒருவர் போராடியும் இருக்கிறார். அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காக உழைத்த அன்னா ஜார்விஸ், “மதர்’ஸ் டே” என்று ஒருமையில்தான் எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நாள் என்பதை அவர் விரும்பவில்லை. ஒவ்வொருவரும் தன் அம்மாவை நினைக்கும் நாள் அது. 1914இல் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் அதை அறிவித்தார். நம் ஊரில் செப்டம்பர் 5 “டீச்சர்ஸ்’ டே”, ஆசிரியர்கள் எல்லோருக்கும். எஸ்ஸுக்கு முன்னால் ஒரு அம்மா, எஸ்ஸுக்குப் பின்னால் எல்லா ஆசிரியர்களும். வித்தியாசம் ஒரு கமாவின் இடம்தான்.

இனி அந்தத் தையல்கடை போர்டு. மூன்று மாதிரிகளையும் மேசைமேல் வைத்து அவரையே சொல்லச் சொன்னேன். கமா எஸ்ஸுக்கு முன்னால் இருந்ததை முதலில் தள்ளினார். அது ஒரே ஒரு பெண்ணுக்கான தையல்காரர். கமா இல்லாததைக் காட்டி, “நம்ம ஊரு போர்டுல எல்லாம் இதுதானே டீச்சர் இருக்கு?” என்றார். ஆமாம், கடைப்பலகையில் அதை யாரும் தவறாகப் படிக்கப்போவதில்லை, அப்படியே விடலாம் என்றேன். ஆனால் இலக்கணப்படி எழுத வேண்டுமென்றால் பெண்கள் பலர், எனவே “லேடீஸ்’ டெய்லர்”, கமா கடைசியில். அவர் யோசிக்கவே இல்லை. “கடைசியில வைக்கச் சொல்றேன்.”

இரண்டு நாள் கழித்து போர்டு எழுதுகிறவர் முழுப் படத்தையும் அனுப்பியிருந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேல் வரி சரியாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் “பிளவுஸ், சுடிதார், சில்ட்ரன்ஸ் டிரஸ்”. நான் வாய் திறப்பதற்கு முன் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“அண்ணே, மேல சரியா இருக்கு. கீழ சில்ட்ரன்ல மட்டும் எஸ்ஸுக்கு முன்னால ஒரு கமா வைங்க. இல்லைண்ணே, அது கடைசில வராது. லேடீஸ்ல இருக்கிற எஸ்ஸு பன்மைக்கு வந்தது, அதான் கமா பின்னால. சில்ட்ரன்கிறதே பன்மைதான், அதுக்கு எஸ்ஸு கமாவோடதான் வரணும். ஆமா, ஆமா. நடுவுல இடம் இருக்கா பாருங்க.”

இடம் இருந்தது.